மிளகாய் நாற்று: ஜன்னலோரமா, மொட்டைமாடியா, நர்சரியா?

மாடித்தோட்டம் ஆரம்பிக்கும் சென்னைக்காரர்கள் பலருக்கும் முதல் செடி தக்காளி, அடுத்தது மிளகாய். தக்காளி விதை எங்கே விழுந்தாலும் முளைத்துவிடும். மிளகாய் அப்படி விட்டுக்கொடுக்காது. முளைக்கவே ஒரு வாரம் பத்து நாள் எடுக்கும், அதன் பிறகு பிடுங்கி நட இன்னும் ஒரு மாதம் ஆகும். அந்த நாற்பது நாளை எங்கே கழிப்பது என்பதில்தான் குழப்பம். வீட்டுக்குள் ஜன்னலோரமா, மொட்டைமாடியில் பச்சை வலைக்குக் கீழேயா, நேராகச் செடி வளர்க்கும் பையிலேயே விதைத்துவிடலாமா, அல்லது ஈ.சி.ஆர். பக்கம் ஒரு நர்சரியில் நாற்றாகவே வாங்கி வந்துவிடலாமா?

வீட்டுக்குள் நாற்று விடும் முறை குளிர்நாடுகளிலிருந்து வந்தது. அங்கே உறைபனி முடிவதற்கு முன் வெளியே எதையும் நட முடியாது. மிளகாயோ காய்க்க நீண்ட வெயில்காலம் கேட்கும் பயிர். அதனால் பிப்ரவரியிலேயே வீட்டுக்குள் விளக்குப் போட்டு, ட்ரேக்கு அடியில் சூடேற்றும் பாய் விரித்து நாற்று வளர்த்து, மே மாதம் வெளியே எடுக்கிறார்கள். வீடியோக்களில் நாம் பார்ப்பது இதைத்தான். சென்னையில் மார்கழி இரவுகூட 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மிளகாய் விதை நன்றாக முளைப்பது 25 முதல் 30 டிகிரியில். ஏசி போடாத எந்த அறையிலும் வருடத்தின் பெரும்பகுதி அந்தச் சூடு தானாகவே கிடைக்கிறது. ஆகவே சூடேற்றும் பாய் வாங்க வேண்டாம், அந்தக் காசுக்கு நல்ல விதை வாங்குங்கள்.

குளிர் இல்லை என்பதால் வீட்டுக்குள் வைக்கும் அவசியமே இல்லை என்று சொல்லிவிடவும் முடியாது. நமக்கு வேறு எதிரிகள் இருக்கிறார்கள்: ஐப்பசி, கார்த்திகை மழை, அக்னி நட்சத்திர வெயில், வெள்ளை ஈ, அணில், புறா. வீடு இவை எல்லாவற்றிலிருந்தும் காக்கும். வீட்டால் தர முடியாதது ஒன்றே ஒன்று, வெளிச்சம். இந்த வழிகளில் எதைத் தேர்ந்தெடுப்பது என்பது கடைசியில் எந்த மாதத்தில் விதைக்கிறீர்கள், அந்த மாதத்தில் எதிரி யார் என்பதைப் பொறுத்துத்தான் அமையும்.

ஜன்னலோரம்

எங்கள் எதிர் ஃப்ளாட் அக்கா ஒருநாள் சந்தோஷமாகக் கூப்பிட்டார். "நாத்து நல்லா உசரமா வந்திருக்கு, வந்து பாரேன். பையில மாத்திடலாமா?" சமையலறை ஜன்னலில் ஆறேழு பேப்பர் கப். ஒவ்வொன்றிலும் ஒரு நாற்று, விரல் நீளத்துக்கு மேல். ஆனால் தண்டு தையல்நூல் மாதிரி இருந்தது. இரண்டு விதையிலைகளும் மண்ணிலிருந்து வெகு உயரத்தில் நின்றன. எல்லாமே கண்ணாடியைப் பார்த்து ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. கப்பைத் திருப்பி வைத்தால் மறுநாள் மறுபக்கம் சாயும் என்றார் அக்கா, அதையும் ஒரு வளர்ச்சியாகவே நினைத்திருந்தார். விதையில் குறை எதுவும் இல்லை. வெளிச்சம் போதாமல் அது எட்டிப் பார்த்துக்கொண்டே வளர்ந்திருக்கிறது. இப்படி வெளிறி நீண்ட நாற்றை மாடியில் நட்டால் முதல் காற்றிலேயே மடங்கும். நல்ல நாற்று குட்டையாக, கெட்டித் தண்டோடு, இலைகள் நெருக்கமாக இருக்கும். உயரத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

ஜன்னல் என்றால் எந்தத் திசை ஜன்னல் என்று கேட்க வேண்டும். சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. ஏறக்குறைய சித்திரை இரண்டாம் வாரத்திலிருந்து ஆடி முடியும்வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறது. அந்த மாதங்களில் தெற்கு ஜன்னலுக்கு உச்சி வெயில் விழாது. ஐப்பசிக்குப் பிறகு நிலைமை தலைகீழ். சூரியன் நன்றாகத் தெற்கே சாய்ந்துவிடும், மார்கழி, தையில் சன்ஷேட் இருந்தாலும் தெற்கு ஜன்னலின் கீழ்ப்பாதியில் வெயில் உள்ளே வரும். கிழக்கு ஜன்னலுக்கு எந்த மாதமும் காலை இரண்டு மூன்று மணி நேரம் கிடைக்கும், எதிரே அடுக்குமாடி எதுவும் எழும்பியிருக்கக் கூடாது, அவ்வளவுதான். மேற்கு ஜன்னல் கோடையில் நாற்றைச் சுட்டுவிடும். ஆடியில் விதைத்து "தெற்கு ஜன்னல்தான் நல்லதுன்னு படிச்சேன்" என்று சொல்கிறவர்களின் நாற்று சவலையாவதற்குக் காரணம், படித்த விஷயம் இன்னும் வடக்கே இருக்கும் நாட்டுக்கானது என்பதே.

ஜன்னல் சரியில்லை என்றால் விளக்கு. ஊதா வெளிச்சம் தரும் விலை உயர்ந்த விளக்குகள் வேண்டியதில்லை. வீட்டில் மாட்டும் 20 வாட் வெள்ளை எல்.இ.டி. ட்யூப்லைட் ஒன்று ஒரு ட்ரே நாற்றுக்குத் தாராளம். நாற்றின் தலைக்கு மேல் ஒரு சாண் உயரத்துக்கும் குறைவாக அதைத் தொங்கவிட வேண்டும், நாற்று வளர வளர ஏற்றிக் கட்ட வேண்டும். கூரையில் இருக்கும் ட்யூப்லைட்டின் வெளிச்சம் நமக்குப் படிக்கப் போதும், நாற்றுக்குப் போதாது. ஒரு நாளைக்கு 14 மணி நேரம் எரித்தால் நாற்பது நாளுக்கு மொத்தம் சுமார் 11 யூனிட் ஆகும். இரவில் அணைத்துவிடுங்கள்.

வீட்டுக்குள் இன்னொரு தொல்லை நாற்றழுகல். நேற்றுவரை நிமிர்ந்து நின்ற நாற்று காலையில் மண்மேல் படுத்திருக்கும். குனிந்து பார்த்தால் மண்ணைத் தொடும் இடத்தில் மட்டும் தண்டு நீர் கோத்து, பழுப்பாகி, சுருங்கியிருக்கும். மேலே இலை இன்னும் பச்சையாகவே இருக்கும். இது பூஞ்சை வேலை. காற்றோட்டம் இல்லாத அறையும், தினமும் மேலே ஊற்றும் தண்ணீரும் அதற்குச் சோறு போடுகின்றன. விழுந்த நாற்றைக் காப்பாற்ற முடியாது, பக்கத்தில் இருப்பதைக் காப்பாற்றலாம். மேல்மண் காய்ந்த பிறகு, ட்ரேயைத் தட்டில் வைத்து அடியிலிருந்து உறிஞ்ச விடுங்கள். ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள். விதைக்கும் முன்னாலேயே டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியில் விதையைப் புரட்டி எடுப்பது இன்னும் நல்லது. வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவு கிலோ விதைக்கு 4 கிராம். நம் வீட்டு அளவுக்கு ஆறிய அரிசிக் கஞ்சி சில சொட்டு, ஒரு சிட்டிகை பொடி, அரைமணி நேரம் நிழல் உலர்த்தல், அவ்வளவே.

படுக்கையறையில் ஏசி ஓடுமானால் அங்கே விதைத் தட்டு வேண்டாம். குளிரும் வறண்ட காற்றும் முளைப்பைத் தாமதமாக்கும். ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீரை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள். நகரத்தின் பல பகுதிகளில் போர் தண்ணீர் உப்பு. இளநாற்றின் இலை நுனி கருகுவது பெரும்பாலும் அதனால்தான். ஏசி தண்ணீரிலும் மழைத் தண்ணீரிலும் உப்பு இல்லை. ஆர்.ஓ. மெஷின் வெளியே தள்ளும் தண்ணீரில் உப்பு இன்னும் அதிகம், அதை நாற்றுக்கு ஊற்றவே கூடாது.

மொட்டைமாடி

ஆவணி, புரட்டாசியில் நடுவதற்கு நாற்று வேண்டுமென்றால் என் ஓட்டு மாடிக்குத்தான். ஆடிப்பட்டம் தேடி விதைக்கச் சொன்னவர்கள் வயலை நினைத்துச் சொன்னார்கள், ஆனால் கணக்கு மாடிக்கும் சரியாக வருகிறது. ஆடியில் விதைத்தால் ஆவணி முடிவதற்குள் நாற்று தயார். ஐப்பசி மழை வலுப்பதற்குள் செடி வேர் பிடித்து நின்றுவிடும். அந்த மழையைத் தாங்கும் செடி மார்கழி முழுக்கக் காய்க்கும்.

மாடியில் வெளிச்சத்துக்குப் பஞ்சமில்லை, அதுவே அதிகமாவதுதான் பிரச்சினை. கான்கிரீட் தளத்தின்மேல் நேரடியாக வைத்த கறுப்புக் குழித்தட்டு மதியத்தில் வேரை வேக வைத்துவிடும். ஒரு பலகை அல்லது இரண்டு செங்கல் மேல் ட்ரேயைத் தூக்கி வையுங்கள். 50 சதவீத நிழல் தரும் பச்சை வலை மேலே இருக்கட்டும். முளைத்த முதல் பத்து நாளுக்கு வலை அவசியம். அதன் பிறகு காலை வெயில் நேராகப் படும்படி ஒரு பக்கம் சுருட்டிவிடலாம். இப்படி வளர்ந்த நாற்றை வெயிலுக்குப் பழக்கும் வேலை மிச்சம். ஜன்னலோர நாற்றுக்கு அதைச் செய்யாமல் முடியாது. முதல் நாள் ஒரு மணி நேரம் காலை வெயில், அடுத்தடுத்த நாள் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒரு வாரமாவது பழக்க வேண்டும். நேராகத் தூக்கிக் கொண்டுபோய் வெயிலில் வைத்தால் இலை வெள்ளை வெள்ளையாகப் பொசுங்கிவிடும்.

அணிலும் புறாவும் முளைவிட்ட நாற்றைக் கொத்தும், கிளறும். இவற்றுக்கு எந்த வலையும் போதும். வெள்ளை ஈக்கும் இலைப்பேனுக்கும் பச்சை வலை போதாது, அதன் கண்ணிகள் வழியே அவை தாராளமாக உள்ளே போகும். நெருக்கமான பூச்சிவலை வேண்டும். நாற்றங்கால்களில் 40, 50 மெஷ் (ஒரு அங்குலத்துக்கு அத்தனை கண்ணி) நைலான் வலை கட்டுகிறார்கள். ஒரு ட்ரேக்குத்தானே, அதைக் கம்பி வளைத்து மூடிவிடலாம். கொசுவலைத் துணிகூட ஓரளவு தடுக்கும். இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், மிளகாயில் இலைச்சுருட்டை வைரஸைப் பரப்புவது வெள்ளை ஈ. நாற்றுப் பருவத்தில் அது தொற்றினால் அந்தச் செடி ஆயுளுக்கும் காய்க்காது, மருந்தும் கிடையாது.

எல்லாச் சுருட்டையும் வைரஸ் இல்லை. இலை ஓரம் மேல்நோக்கிச் சுருண்டால் பெரும்பாலும் இலைப்பேன், கீழ்நோக்கிச் சுருண்டு காம்பு நீண்டால் சிலந்திப்பேன். இவை இரண்டையும் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்து ஆரம்பத்திலேயே கட்டுப்படுத்தலாம். இலைகள் சிறுத்து, நரம்புகளுக்கு இடையே மஞ்சளித்து, செடி கட்டையாகி நின்றால் பிடுங்கிப் போடுவதைத் தவிர வழியில்லை.

நேராகப் பையில்

ராமநாதபுரம் பக்கம் மானாவாரியில் மிளகாயை நாற்று விடாமல் நேரடியாகவே விதைக்கிறார்கள். 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற முண்டு மிளகாய் வளரும் மண் அது. அப்படியானால் நாமும் பையிலேயே விதைக்கலாமே? விதைக்கலாம். பிடுங்கி நடும் அதிர்ச்சி இல்லை, ஆணிவேர் முறியாமல் ஆழமாகப் போகும். ஆனால் ஒரு விதைக்காக ஒரு பெரிய பையை முழுவதும் நனைத்து, வெயிலிலிருந்து மறைத்து, களை எடுத்து நாற்பது நாள் பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கும். மாடியில் இடம் நிறைய இருந்து நேரம் குறைவாக இருப்பவர்களுக்கு இது ஒத்துவரும். ஒரு பையில் மூன்று விதை போட்டு, நல்லதை மட்டும் விட்டு மற்றதைக் கிள்ளிவிடலாம். பால்கனி மட்டுமே உள்ளவர்களுக்கு ஒத்துவராது.

நர்சரி நாற்று

இரண்டே செடி போதும், சாம்பாருக்கும் சட்னிக்கும் காய் கிடைத்தால் சரி என்பவர்கள் நாற்றாகவே வாங்கிவிடலாம். இதில் குறைச்சல் ஒன்றும் இல்லை. நாற்பது நாள் மிச்சம், தோல்வி பயம் இல்லை. விலையும் பெரிதில்லை. ஆனால் வாங்கும் விதத்தில் கவனம் வேண்டும். நாற்றைக் கையில் எடுத்து, இலையைத் திருப்பி, போன் டார்ச் அடித்து அடிப்பக்கம் பாருங்கள். வெள்ளை ஈ இருந்தால் இலையைத் தொட்டதுமே பொடிப்பொடியாகப் பறக்கும். இலைப்பேன் நரம்போரம் கீறல் மாதிரி தெரியும், கொஞ்ச நேரம் பார்த்தால் நகரும். ஒரே ஒரு நாற்றில் இருந்தாலும் அந்த வரிசையையே விட்டுவிடுங்கள். அதை வீட்டுக்குக் கொண்டுவந்தால் உங்கள் மாடியில் இருக்கும் தக்காளிக்கும் கத்தரிக்கும் சேர்த்து விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

பூ வைத்த நாற்று, காய் தொங்கும் நாற்று என்றால் ஆசையாகத்தான் இருக்கும். சின்னக் கவரில் வேர் சுற்றிக் கிடந்து, அவசரமாகப் பூத்தது அது. நட்ட பிறகு நின்றுவிடும். ஐந்தாறு இலையோடு இருக்கும் இளநாற்றே மேல். வேரைக் கழுவிக் கட்டுக்கட்டாகக் கொடுக்கும் நாற்றைவிடக் குழித்தட்டில் வளர்ந்த நாற்று எப்போதும் நன்றாகப் பிடிக்கும்.

நர்சரியில் கிடைக்காத ஒன்று ரகம். "பச்சை மிளகாய் நாத்து", "குண்டு மிளகாய் நாத்து" என்ற அளவில்தான் பதில் வரும். பாலூர் காய்கறி ஆராய்ச்சி நிலையத்தின் பி.எல்.ஆர் 1 வேண்டும், கோவில்பட்டியின் கே 2 வேண்டும், அம்மா வீட்டிலிருந்து வந்த காந்தாரிதான் வேண்டும் என்றால் விதை போடுவதைத் தவிர வேறு வழி கிடையாது. சமையலறை வற்றலை உடைத்து விதை எடுப்பதும் நடக்கிற காரியம்தான். வெயிலில் காய்ந்த வற்றலாக, அந்த வருடத்ததாக இருந்தால் முளைக்கும். தாய்ச்செடி ஹைப்ரிட்டாக இருந்தால் அதே காய் வரும் என்று எதிர்பார்க்க முடியாது. நம் ஊர் ஈரக் காற்றில் விதை சீக்கிரம் வீரியம் இழக்கும். மிச்ச விதையை இறுக மூடிய டப்பாவில் போட்டு ஃப்ரிட்ஜில் வையுங்கள்.

எந்த வழியானாலும் நாற்றுக் கலவை ஒன்றுதான். கழுவிய தேங்காய் நார்க்கழிவு இரண்டு பங்கு, சலித்த மண்புழு உரம் ஒரு பங்கு. நார்க்கழிவை இரண்டு தடவையாவது நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும், அதில் உப்பு இருக்கும். தோட்டத்து மண் வேண்டாம், பூஞ்சையும் சேர்ந்து வரும். விதையை அரை அங்குலத்துக்கு மேல் ஆழமாகப் புதைக்காதீர்கள்.

வீட்டுக்குள் நாற்று விட ஏற்ற காலம்

இத்தனைக்குப் பிறகும் வீட்டுக்குள் வளர்ப்பதை நான் விட்டுக்கொடுக்காத ஒரு காலம் இருக்கிறது. அது கார்த்திகை. பெரும்பாலானோர் தைப்பட்டத்துக்குத் தையில்தான் விதைக்கிறார்கள். அப்படி விதைத்த நாற்று மாசி கடைசியில்தான் பைக்குப் போகும். பங்குனி, சித்திரையில் பூக்கும். பகல் 38 டிகிரியைத் தொடும் நாட்களில் மிளகாய்ப் பூ நிற்காமல் கொட்டும். "செடி நல்லா இருக்கு, பூ மட்டும் கொட்டுது" என்று வருத்தப்படுகிறவர்களிடம் எப்போது விதைத்தீர்கள் என்று கேட்டால் பாதிக்கு மேல் விடை கிடைத்துவிடும்.

அதே விதையைக் கார்த்திகை பிற்பகுதியில் போட்டால் பொங்கலுக்கு நாற்று தயார். மாசியில் பூத்து, பங்குனியில் காய் பறிக்கலாம், அக்னி நட்சத்திரம் மே முதல் வாரத்தில் ஆரம்பிப்பதற்குள் இரண்டு மூன்று பறிப்பு முடிந்துவிடும். ஆனால் கார்த்திகையில் மாடியில் நாற்று விட முடியாது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் நேரம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்த மாதிரி நாட்களில் குழித்தட்டு என்ன, பையே மிதக்கும். நமக்கு வீட்டின் கூரை நிஜமாகவே தேவைப்படுவது அப்போதுதான். தெற்கு ஜன்னலில் வெயில் உள்ளே வருவதும் அதே மாதங்களில்தான். மேகம் மூடிய நாட்களுக்கு அந்த 20 வாட் ட்யூப்லைட். இரண்டும் இருந்தால் நாற்று கெட்டியாக வரும். மழை விட்ட நாட்களில் பால்கனிக்கு எடுத்துப்போய் வெயில் காட்டி, மார்கழி கடைசி வாரத்தில் முறையாகப் பழக்க ஆரம்பிக்கலாம்.

ஆக, ஆடியில் மாடி, கார்த்திகையில் ஜன்னலும் விளக்கும். சித்திரை, வைகாசியில் எதுவும் விதைக்காதீர்கள். அவசரமாக ஒன்றிரண்டு செடி வேண்டுமென்றால் ஆவணியிலோ தையிலோ நர்சரி நாற்று வாங்கலாம். மொட்டைமாடிக்குச் சாவி கிடைக்காத குடித்தனக்காரர்கள் பால்கனியை மாடியாக எண்ணிக்கொள்ளலாம். நான்கு மணி நேரமாவது நேர்வெயில் படாத பால்கனி என்றால் நாற்றை எப்படி வளர்த்தாலும் காய் குறைவாகத்தான் வரும், அதைத் தெரிந்துகொண்டு இறங்க வேண்டும்.

காந்தாரி, ஹபனேரோ, பூத் ஜோலோகியா மாதிரி கடுங்கார வகைகளுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். இவை முளைக்கவே இரண்டிலிருந்து நான்கு வாரம் எடுக்கும், முளைத்த பிறகும் ஆமை வேகம்தான். பொங்கலுக்கு நாற்று வேண்டுமென்றால் தீபாவளியை ஒட்டியே விதைத்துவிட வேண்டும். அத்தனை நாள் மழையில் மாடியில் விட்டு வைக்க முடியாது என்பதால் இவற்றுக்கு வீட்டுக்குள் ட்யூப்லைட் கட்டுவதுதான் சரியான வழி. பதினைந்து நாளாகியும் முளை தெரியவில்லை என்று மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள், ஈரம் மட்டும் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.